ஏலத்தோல் போட்ட தண்ணீர்

போடிநாயக்கனூர்
3 மார்ச் 1957

அன்புள்ள தம்பி ஜேசுதாஸுக்கு, அக்கா ஞானசெல்வி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நீ சொன்னபடி இதையும் மெஸ் விலாசத்துக்கே போடுகிறேன். அவ்வளவு பெரிய சர்வகலாசாலையில் விடுதிக்கு வருகிற தபால் மட்டும் எப்படித்தான் தொலைகிறதோ, போ. கிறிஸ்மஸுக்கும் நீ வரவில்லை. போன கோடை லீவுக்கும் வரவில்லை. ரயில் இன்னமும் போடி வரைக்கும் வருகிறது என்பதையாவது உனக்கு யாராவது சொன்னார்களா?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். என் கொழுந்தன் ஞானதுரை மதுரையில் இண்டர்மீடியட் முடிக்கிறான். ஜூனில் அங்கேதான் பி.ஏ. சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "ஜேசுதாஸ் மச்சான் படிச்ச இடத்துலதான் படிப்பேன்" என்கிறான். உன் அத்தானுக்கு ஏலக்காய்க் கடையை விட்டால் வேறு உலகம் தெரியாது. "பய அங்க போயி எங்க சாப்பிடுவான், எங்க துணிமணி எடுப்பான், நல்லா ஏமாந்துட்டு வருவான்" என்று இப்போதே புலம்பல். அதனால் சர்வகலாசாலைப் பக்கத்தில் கையைக் கடிக்காமல் சாப்பிட, சாமான் வாங்க எந்தெந்தக் கடை நல்லது என்று விவரமாக எழுது. ஒரு வரியில் எழுதித் தப்பிக்காதே.

ஏலத்தோல் ஒரு பை பார்சலில் வருகிறது. கடையில் காய் உடைத்த தோல்தான். இங்கே குப்பை. குடிதண்ணீரில் இதைப் போடுகிறாயே என்று உன் அறைத் தோழர்கள் சிரித்தார்கள் என்றாய். சிரிக்கட்டும். நம் ஊர்த் தண்ணீர் குடித்த நாக்குக்கு வெறும் தண்ணீர் இறங்காது.

உன் அக்கா
ஞானசெல்வி


சிதம்பரம்
11 மார்ச் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் பையும் வந்து சேர்ந்தன. துரை இங்கே சேருவது பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். மதுரையிலும் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேட்டதை எழுதுகிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் மூன்று சாப்பாட்டுக் கடைகள். முதல் கடைக்குப் போக வேண்டாம். மேஜை நாற்காலி போட்டிருப்பான். நாற்காலிக்கும் சேர்த்துத்தான் காசு. இரண்டாவது கடையில் அளவுச் சாப்பாடு. நம் பையனுக்கு அது கடைவாய்ப் பல்லுக்குக்கூடக் காணாது. மூன்றாவது, கீற்றுக் கொட்டகை போட்டது, சந்திரவல்லி அம்மாள் மெஸ். மாதச் சீட்டு வாங்கிவிட்டால் வயிறு நிறையும்வரை சோறு. ஆனால் முதல் பந்தியிலோ இரண்டாம் பந்தியிலோ உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாம் பந்திக்கு ரசத்தில் வெந்நீர் சேரும். சந்தைக்கு மறுநாள் சாம்பாரில் காய் நிறையக் கிடக்கும். மோர் தீர்ந்துவிட்டது என்பார்கள். உள்ளே இன்னொரு பானை உண்டு. அதட்டாமல் இரண்டாம் தரம் கேட்டால் வரும். கூடத்தில் பெண்கள் உட்காருவதில்லை. பிள்ளைகளைப் பார்க்க வரும் தாய்மாருக்கு அடுக்களை ஓரம் மணை போட்டு இலை வைப்பார்கள்.

காலைப் பலகாரத்துக்கு ஸ்டேஷன் பின்னால் ஒரு கிழவர் இட்லி விற்கிறார். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொத்சு. நம் பக்கம் கிடையாது. முதல் நாள் முகம் சுளிப்பான், அப்புறம் அதற்காகவே படுக்கையை விட்டு எழுந்திருப்பான்.

புத்தகம் புதிதாக வாங்க வேண்டாம். பரீட்சை முடிந்த கையோடு மூத்த பையன்கள் கீழவீதி பிளாட்பாரக் கடையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். சட்டைக் காலர் நைந்தால் அதே தெருவில் திருப்பி வைத்துத் தைத்துத் தருகிற தையல்காரர் இருக்கிறார். இன்னொரு வருஷம் உழைக்கும். மை பாட்டிலாக வாங்காமல் பொடியாக வாங்கிக் கரைத்துக்கொள்ளட்டும்.

அத்தானுக்கு என் அன்பு.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
20 மார்ச் 1957

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைத் துரை கடையில் எல்லாருக்கும் சத்தம் போட்டு வாசித்தான். குரங்கணியிலிருந்து காய் கொண்டுவந்த ஆட்கள்கூட மூட்டையை இறக்காமல் நின்று கேட்டார்கள். "வெறும் பி.ஏ. எழுதுன மாதிரி இல்லியே, கல்யாணச் சமையக்காரன் எழுதுன மாதிரில்ல இருக்கு" என்று உன் அத்தான் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். விடுதியில் சாப்பிடுகிறவனுக்கு மூன்றாம் பந்தி ரசத்தில் வெந்நீர் சேர்வது எப்படித் தெரியும்? ஊரெல்லாம் எங்கே சாப்பிடலாம் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒரு வரி இல்லை.

சரி, நல்ல சேதி. மே பன்னிரண்டாம் தேதி நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அன்று மத்தியானம் சபை முழுவதும் பந்தியில் உட்காரும் அசனம். நம் சபையில் முதல் பி.ஏ. நீதான் என்று போதகர் ஐயா உன்னை முதல் பந்தியில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறாராம். உன்னை அனுப்பிய அன்று சபையே ஸ்டேஷனுக்கு வந்து பாட்டுப் பாடியது ஞாபகம் இருக்கிறதா? உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது, இனி பணம் அனுப்ப வேண்டாம் என்று நீ எழுதியதை ஆராதனையில் நான் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னேன். அன்றையிலிருந்து கோவிலில் நான் முன் பாயில்தான் உட்காருகிறேன். எனக்குப் பின்னால் உட்காருகிற புஷ்பலதாவுக்கு வயிற்றெரிச்சல்.

பரிசுத்த வாரத்துக்கு முன்னால் உன் அத்தானும் துரையும் அங்கே வந்து இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறார்கள்.

உன் அக்கா
ஞானசெல்வி


சிதம்பரம்
29 மார்ச் 1957

அக்காவுக்கு,

அத்தானும் துரையும் இப்போது வர வேண்டாம். பரீட்சை நேரம். ஒரு நிமிஷம்கூட வெளியே வர முடியாது. வந்தாலும் என்னைப் பார்க்க முடியாது, வீண் அலைச்சல். இங்கே வெயிலும் கடுமை.

மெஸ் விஷயம் உடன் படிக்கிறவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். சோப்பு, எண்ணெய் வாங்க மேலவீதி போகச் சொல்; சில்லறையாகத் தருவார்கள். நயா பைசா என்று புதுக் காசு வரப்போகிறதாம், கடைக்காரர்கள் குழப்பத்தில் அதிகம் வாங்கிவிடுவார்கள், பார்த்துக் கொடுக்கட்டும்.

முதல் பந்தி எனக்கு வேண்டாம் அக்கா. போதகர் ஐயாவிடம் சொல்லிவிடு. நீயும் முன் பாயில் உட்கார வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
15 ஏப்ரல் 1957

தம்பிக்கு,

நீ வேண்டாம் என்றும் அவர்கள் வந்தார்கள். உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது, இடத்தைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். மத்தியானம் நீ எழுதிய அந்த மூன்றாவது மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

திரும்பி வந்ததும் துரை வாய் ஓயாமல் பேசினான். கொத்சு அவனுக்குப் பிடிக்கவில்லை. உன் அத்தான் பெட்டியைத் திறக்காமல் கடைக்குப் போய்விட்டார். துரை தூங்கின பிறகு என்னிடம் வந்து, "செல்வி, அந்த மெஸ்ஸுல தண்ணி குடிச்சேன். ஏலத்தோலு போட்ட தண்ணி" என்றார்.

"அதுக்கென்ன?" என்றேன். "சிதம்பரத்துல எவன் தண்ணிக்கு ஏலம் போடுவான்? அங்க பாயசத்துக்கே எண்ணிப் போடுவான். தண்ணி ஊத்துறது யாருன்னு கேட்டேன். நம்ம பையன் ஒருத்தன், உள்ள இருக்கான், கூப்பிடவான்னாங்க. வேணாம்னுட்டேன். துரைய வெரசா சாப்பிடச் சொல்லிக் கூட்டியாந்துட்டேன்" என்றார்.

அந்தத் தோல் நான் அனுப்பியது. யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் தம்பி? எனக்கு மறைக்காமல் எழுது.

அக்கா


சிதம்பரம்
20 ஏப்ரல் 1957

அக்கா,

நான்தான்.

போன வருஷமே, முதல் வருஷப் பரீட்சையில் தவறிவிட்டேன். பலகையில் ஒட்டிய தாளில் என் பெயர் இல்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஆள் இல்லாத நேரமாகப் போய் மறுபடி மறுபடி பார்த்தேன். வகுப்பில் வாத்தியார் இங்கிலீஷில் பேசுவது எனக்கு மழைச் சத்தம் போலத்தான் இருந்தது. போடியில் நான்தான் கெட்டிக்காரன். இங்கே வந்த பிறகுதான் போடி எவ்வளவு சின்ன ஊர் என்று தெரிந்தது.

விடுதியைக் காலி செய்த அன்று இந்த மெஸ்ஸில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவன் வரவில்லை. பந்தி உட்கார்ந்துவிட்டது. சந்திரவல்லி அம்மாள் ஒரு ஆளாகத் தவித்தார்கள். வாளியை நான் எடுத்தேன். அன்றைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "சாப்பிட்டுட்டுப் போ தம்பி" என்றார்கள். சாப்பிட்டேன், போகவில்லை.

உபகாரச் சம்பளம் என்று எழுதியது பொய். இனி உங்கள் பணத்தைத் தொடக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். நீ அதைக் கோவிலில் சாட்சியாகச் சொன்னாய் என்று படித்ததும் சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னுடன் படித்தவர்கள் இதே கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். முன்பு 'ஜேசுதாஸ்' என்றவர்கள் இப்போது 'இந்தாப்பா' என்கிறார்கள். அது பழகிவிட்டது. நீ பெருமையாக எழுதுகிற கடிதம்தான் பழகவில்லை.

அத்தானும் துரையும் வந்தபோது சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்றேன். வேறு ஆளைப் பரிமாறவிட்டேன். தண்ணீரை மட்டும் பழக்க தோஷத்தில் நானே டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். அத்தான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார். ஓடிப்போய் அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும். நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் ஊருக்கு வர முடியாது. செத்துப்போனான் என்று சொல்லிவிட்டால்கூட உனக்கு இதைவிட மரியாதையாக இருக்கும்.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
29 ஏப்ரல் 1957

தம்பி,

கடைசியாக எழுதினாயே ஒரு வரி, அதற்காக உன்னை அடிக்க வேண்டும். கிட்ட இருந்தால் அடித்திருப்பேன்.

படிப்பு ஏறவில்லை, சரி. யாருக்குத்தான் எல்லாம் ஏறுகிறது? அதை எங்களிடமிருந்து மறைத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஈஸ்டர் ஆராதனைக்கு நான் பின்னால் போய்த் தூண் மறைவில் உட்கார்ந்தேன். "என்ன அக்கா, முன்னால இடம் இல்லியா?" என்று புஷ்பலதா கேட்டாள். தலைவலி என்றேன். நீ ஒரு வருஷமாகச் சொன்ன பொய்யை நான் ஒரு வாரத்திலேயே சொல்லக் கற்றுக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக வருகிறது!

உன் அத்தான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. துரைக்கும் தெரியாது. "அவனா வந்து சொல்லட்டும், நாம சொன்னா அது கோள் சொன்ன மாதிரி" என்கிறார். போதகர் ஐயாவோ உனக்குப் போட மாலை சொல்லிவிட்டாராம். நீ வராவிட்டால் ஜூனில் துரை அங்கே வந்து பார்ப்பான், அவன் வாயால் ஊருக்குத் தெரியும். அது உனக்கும் கேவலம், எனக்கும் கேவலம்.

அசனத்துக்கு வா. உன் வாயால் சொல். யார் என்ன பேசினாலும் பேசட்டும், நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

அக்கா


சிதம்பரம்
4 மே 1957

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

மேடையில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பேச்சு வராது. பந்தியில் உட்காரவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது வாளி பிடிப்பதுதான். அதைச் செய்துகொண்டே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. உன் இலைக்கு வரும்போது மட்டும் நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார். அது போதும் எனக்கு.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
14 மே 1957

என் அன்புத் தம்பிக்கு,

நீ ஒரு வார்த்தை சொல்லாமல் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாய். போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிடலாமா என்று நேற்று முழுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

போதகர் ஐயா கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்ததும், நீ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்ததும் பெண்கள் பந்தியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் எவ்வளவு மகிழ்ந்துபோனார்கள்! "பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு எம்புட்டுத் தாழ்மை பாரு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் பக்கத்திலிருந்த புஷ்பலதாவே சொன்னாள். நீ குனிந்து, ஒரு சொட்டு இலைக்கு வெளியே சிந்தாமல், மளமளவென்று ஊற்றிக்கொண்டு போனாய். அப்படியே விட்டுவிடேன் தம்பி, தாழ்மை என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று என் மனது கெஞ்சியது. அதை உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

போதகர் ஐயா இலையில் நீ நின்றாய். "தாழ்மை இல்லீங்கய்யா. என் சோலியே இதான். பரீட்சையில தவறி ஒரு வருசமாச்சு. மெஸ்ஸுல பரிமாறுறேன். உபகாரச் சம்பளம்னு எழுதுனது பொய்" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் பந்தல் முழுக்கக் கேட்டது. ஐயா உன்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சோற்றில் குழி பண்ணி, "ஊத்துப்பா" என்றார். உன் அத்தான் அடுத்த வரிசையிலிருந்து, ஊர் கேட்கட்டும் என்றே, "மாப்ளே, இங்க ரசம் கொண்டா!" என்று கூப்பிட்டார். துரை எழுந்து வந்து உன் கையிலிருந்து காலி வாளியை வாங்கிக்கொண்டு போனான். அவர்களெல்லாம் செய்ததைச் சொல்லிவிட்டேன். இனி நான் செய்தது.

நீ ரசம் எடுத்துக்கொண்டு பெண்கள் பந்திக்கு வந்தாய். புஷ்பலதா என் காதில், "சாட்சி சொன்னீங்களே அக்கா, தெரிஞ்சுதான் சொன்னீங்களா?" என்றாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நீ என் இலைக்கு முன்னால் வந்து நின்றாய். உன் கால் விரல்கள் தெரிந்தன. வெந்நீர் பட்ட தழும்பு தெரிந்தது. "அக்கா, ரசம்" என்றாய். நான் நிமிரவில்லை. இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து, முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வது போல, "போதும்" என்றேன். இலையில் வெறும் சோறுதான் இருந்தது. நீ நின்றாய். நான் நிமிருவேன் என்று நின்றாய். பிறகு அடுத்த இலைக்குப் போய்விட்டாய்.

பக்கத்தில் நிற்பேன் என்று எழுதின கை அது. ஊர் உன்னை ஏற்றுக்கொண்டது. கூடப் பிறந்தவள் கையைக் குறுக்கே வைத்தாள். நீ பொய் சொன்னாய் என்று உன்மேல் அவ்வளவு கோபப்பட்டேனே, நீ பயந்து சொன்ன பொய் எங்கே, நான் உன் முகத்துக்கு நேரே செய்தது எங்கே?

எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு உனக்கு ஒரு இலை போட்டுக் காத்திருந்தேன். பரிமாறினவன் கடைசியில்தானே சாப்பிடுவான். ஆள் மாற்றி ஆள் தேடினார்கள். நீ ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய் என்று துரைதான் வந்து சொன்னான். அந்த இலையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. உன் அத்தான்தான் எடுத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துரை அங்கேயே சேருகிறான். சந்திரவல்லி அம்மாள் மெஸ்ஸில்தான் சாப்பிடுவானாம், மாதச் சீட்டு எடுத்து வைக்கச் சொன்னான். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, மச்சான் பரிமாறினால் போதும் என்கிறான். அவனைக் கொண்டுவந்து விட நானும் வருகிறேன். இதுவரை மதுரையைத் தாண்டினதில்லை. உன் அத்தான் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார்.

பெண்களுக்கு அடுக்களை ஓரம் மணை போடுவார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அங்கே போடாதே. அந்த அம்மாளிடம் கேட்டு, கூடத்தில், உன்னோடு படித்தவர்கள் உட்காருகிற வரிசையிலேயே ஒரு இலை போடு. 'இந்தாப்பா' என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும், இவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று. தண்ணீருக்குத் தோல் நான் கொண்டுவருகிறேன்.

நீ வாளியோடு என் இலைக்கு வந்து நில். நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பேன். நீ ஊற்ற ஊற்ற வாங்கிக்கொள்வேன். போதும் என்று சொல்ல மாட்டேன்.

உன் அக்கா
ஞானசெல்வி